சாயம் இறங்காத தேயிலை

குன்னூர் ரயில் நிலையத்துக்கு மேலே, படிக்கட்டுச் சந்தில் இருக்கும் அப்துல் கையூமின் வீட்டுக்கு ராஜசேகர் வந்தபோது பட்டப்பகல். ஆனாலும் குல்லாயைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, கடைவீதியைத் தொடாமல் சுற்றி வளைத்துத்தான் வந்தார். குளிருக்காக அல்ல, தெரிந்தவர் யாரும் எதிரில் வந்துவிடக் கூடாதே என்றுதான். சிறு தேயிலை விவசாயிகள் சங்கத்தின் செயலாளர் அவர். போன வாரம் வரை அதே கடைவீதியில் ஆளாளுக்கு நிறுத்திக் கைகொடுத்த மனிதர்.

கையூம் நாடாளுமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, தமிழில் பேசும் உறுப்பினர்களின் பேச்சை உடனுக்குடன் ஆங்கிலத்தில் சொல்வது அவர் தொழிலாக இருந்தது. பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்தும்போது ஒருவர் சொன்னதை மட்டும் பிரித்துக் கேட்கப் பழகிய காது. அந்தக் காதை நம்பித்தான் ஊரில் எது காணாமல் போனாலும் அவரிடம் வருவார்கள். வருகிறவர்களுக்கு முன்னால் செலஸ்டின் வந்துவிடுவார். பக்கத்தில் வர்க்கி பிஸ்கட் சுடும் பேக்கரிக்காரர். துப்பு என்ற சொல் காதில் விழுந்தால் அடுப்பில் வர்க்கி கருகினாலும் கவலைப்படாத மனிதர்.

"உக்காருங்க ராஜசேகர். முதல்ல டீ குடிங்க."

"டீ வேண்டாங்க பாய். அந்தப் பேரைக் கேட்டாலே உடம்பு கூசுதுங்க."

விஷயம் இதுதான். மட்டமான தேயிலைத் தூளில் சாயம் ஏற்றி விற்கிறார்கள், அதனால் பச்சை இலைக்கு விலை கிடைப்பதில்லை என்று ராஜசேகர் வருஷக்கணக்காகப் புலம்பிவந்தார். கடைசியில் தொகுதி எம்.பி. அம்மா அதை நட்சத்திரக் கேள்வியாகவே கொடுத்துவிட்டார். நட்சத்திரக் கேள்வி என்றால் மந்திரியே சபையில் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். அதன் வாசகத்தை எழுதிக் கொடுத்தவரே ராஜசேகர்தான். வீட்டில் சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் அதை ஒப்பித்து ஒப்பித்து, மனைவியும் மகனும் தூக்கத்தில்கூடச் சொல்லும் அளவுக்கு ஆக்கிவிட்டார்.

கேள்வி வரும் நாளன்று சங்கக் கூடத்தில் பெரிய டிவி வைத்தார்கள். தொடங்குவதற்கு முன், மலைக்குக் கீழே ஒரு சந்தையில் வாங்கிவந்த பெயர் போடாத பாக்கெட்டை ராஜசேகர் எல்லார் முன்னாலும் பிரித்தார். ஓரத்தில் பச்சைக் கோடு போட்ட பாக்கெட். நனைத்த வெள்ளைத் தாளில் தூவியதும் சாயம் திட்டுத் திட்டாக இறங்கியது. கூட்டம் 'ச்சீ' என்றது. மீதியை ஒரு தகர டப்பாவில் கொட்டி, பின்புற ஆபீஸ் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு டிவி முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"நானும் இருந்தேன் பாய்," என்று செலஸ்டின் முந்திக்கொண்டார். "சபாநாயகர் பேரைக் கூப்பிட்டாரு. அம்மா எழுந்து கேள்வி நம்பரை மட்டும் சொல்லிட்டு உக்காந்துட்டாங்க. எனக்குச் சப்புன்னு போச்சு. ஊரே 'நம்பர் மட்டுந்தானா'ன்னு கத்துச்சு."

கையூம் சிரித்தார். "அதுதான் அங்க வழக்கம். கேள்வி அச்சடிச்சு எல்லார் கையிலயும் இருக்கும், யாரும் எழுந்து படிக்க மாட்டாங்க. மந்திரியும் பதிலை மேசையில வெச்சுட்டேன்னு சொல்லிருவாரு. அதுக்கப்புறம் கேக்குற துணைக் கேள்விலதான் உசுரே இருக்கு."

துணைக் கேள்வியில்தான் எம்.பி. அம்மா பொரிந்து தள்ளினார். சாயத் தேயிலை என் மக்கள் கையிலேயே இருக்கிறது, அனுப்புகிறேன், சோதித்துப் பாருங்கள் என்றார். மந்திரியும் சரி என்றார். கூடத்தில் விசில் பறந்தது. ராஜசேகர் ஓடிப்போய் டப்பாவை எடுத்துவந்து, எல்லார் முன்னாலும் அரக்கு வைத்து, எம்.பி. அலுவலகத்துக்கு அனுப்பினார். அந்தச் சந்தோஷத்தில் மூடியைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

பிறகு அதிகாரிகள் வந்தார்கள். அதே கூடத்தில், அதே கூட்டத்தின் முன்னால் அரக்கை உடைத்து, நனைத்த தாளில் தூவினார்கள். தாள் வெள்ளையாகவே இருந்தது. டப்பாவில் இருந்தது அப்பழுக்கில்லாத நல்ல தேயிலை.

"சபைக்குத் தப்பான தகவல் சொன்னாங்கன்னு அம்மா மேல உரிமை மீறல் நோட்டீஸ் குடுத்துட்டாங்க. நாளைக்குச் சபை கூடுனதும் எழுந்து வருத்தம் தெரிவிக்கணும். போன்ல அவங்க திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லைங்க பாய். 'உங்க பேச்சை நம்பித்தானே எழுந்தேன்'னு மட்டும் சொன்னாங்க." ராஜசேகர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஆபீஸ் சாவி யார் யார்கிட்ட?"

"எங்கிட்ட ஒண்ணு, அன்னிக்கு ஊட்டு ஆணியிலேயே மாட்டிட்டு வந்துட்டேன். டப்பாவைப் பூட்டுனது தலைவர் நஞ்சப்பன் சாவியில. அவர் முன்வரிசையில எம்பக்கத்துலயே இருந்தாருங்க. மூணாவது ஆபீஸ் பாத்துக்கிற தேவிகிட்ட. அது பின்னால டீ போட்டுட்டு இருந்துச்சு."

அந்தப் பெயரைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியது. கையூம் அவசரப்படாமல் காத்திருந்தார்.

"அதிகாரிங்க முன்னாலயே அவளைக் கேட்டுட்டேங்க. 'எவன்கிட்ட வெல போனே'ன்னு. டப்பாவுல நீலகிரித் தைல வாசம் அடிச்சுது. அவளுக்குச் சளி, கையெல்லாம் தைலம். வேற யாருன்னு நெனைக்கிறதுங்க? சாவியை மேசையில வெச்சுட்டுப் போயிட்டா."

புருஷன் இல்லாத ஒரு பெண்ணை ஊர் நடுவில் நிற்கவைத்துக் கேட்கிற கேள்வியா அது? ராஜசேகருக்கே அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. ஆனாலும் தான் கேட்டது சரிதான் என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்ற நப்பாசையில்தான் இந்தப் படி ஏறியிருந்தார்.

அதிகாரிகள் விட்டுப்போன டப்பாவை ராஜசேகர் பையில் கொண்டுவந்திருந்தார்; கையூம் அதைக் கேட்டு வாங்கினார். மேலாக ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தார். பிறகு முழுவதையும் செய்தித்தாளில் கொட்டி, அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி முகர்ந்தார். செலஸ்டினிடம் நீட்டினார்.

"மேல அடிச்ச அதே வாசனைதான் பாய், அடியிலயும்," என்றார் செலஸ்டின். ஏதோ பெரிய துப்பு என்று தெரிந்தது. என்னவென்று தெரியாததால் மறுபடியும் முகர்ந்து தும்மினார்.

"உங்க மகன் அன்னிக்குக் கூடத்துக்கு வரலையா?" என்று கையூம் பேச்சுவாக்கில் கேட்டார்.

மகன் பேச்சு வந்ததும் ராஜசேகரின் முகம் தெளிந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. "கமலேஷுக்கு லோடு ஏத்துற வேலைங்க. காட்டுக்கிட்ட நீலகிரித் தைலம் காய்ச்சுன ஒரு பழைய கொட்டாயை வாடகைக்குப் புடிச்சு, தேயிலை பாக்கெட் போட்டுக் கீழ அனுப்புறான். வேலைக்கு நடுவுலயும் போன்ல பாத்திருக்கான். 'அப்பா, நீங்க எழுதுன கேள்வியை எம்.பி. அம்மா ஒரு வரி விடாம படிச்சாங்களே, கண்ணுல தண்ணி வந்துருச்சு'ன்னான்."

கையூம் செய்தித்தாளை மடித்துத் தேயிலையைத் திரும்ப டப்பாவில் சரித்தார். "சாயங்காலம் ஆபீஸுக்கு எல்லாரும் வரட்டும். தேவியம்மாவைச் செலஸ்டின் போய்க் கூட்டிட்டு வரட்டும்," என்றார். "உங்க மகனும் வரட்டும்."

சங்க ஆபீஸுக்குள் மூடுபனி ஜன்னல் வழியே வந்து உட்கார்ந்திருந்தது. நஞ்சப்பன் தலைவர் நாற்காலியில் இருந்தார். கமலேஷ் கதவோரம் சாய்ந்து நின்றான். கடைசியாகத் தேவி வந்தாள், செலஸ்டினுக்குப் பின்னால். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. ராஜசேகர் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவள் செருப்பைத்தான் பார்த்தார்.

"ஒரே ஒரு கேள்விதான்," என்றார் கையூம். "அன்னிக்கு எம்.பி. அம்மா எழுந்ததும் என்ன நடந்துச்சு? ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

நஞ்சப்பன் தொண்டையைச் செருமினார். "நம்பரைச் சொல்லிட்டு உக்காந்தாங்க. நம்ம ஆளுங்க கூச்சல் போட்டாங்க. நாந்தான் அடக்குனேன்."

"தேவியம்மா?"

"நான் டிவி பாக்கலைங்க. டீத் தட்டைத் தூக்கிட்டுக் கதவுகிட்ட வந்தேன். 'நம்பர் மட்டுந்தானா'ன்னு எல்லாரும் கத்துனாங்க. பயந்துபோய் ரெண்டு டம்ளர் கவுந்துருச்சு. அப்புறம் முடியற வரைக்கும் உள்ள டீ குடுத்துட்டே இருந்தனுங்க."

"ஆமா, எம்மேலதான் கவுந்துச்சு!" என்றார் செலஸ்டின். சட்டையில் கறையைக்கூடத் தேடிக் காட்டினார்.

"கமலேஷ் தம்பி?"

கமலேஷ் தோளைக் குலுக்கினான். "எனக்கென்னங்க, கொட்டாயில போன்ல பாத்தேன். அம்மா கேள்வியை முழுசாப் படிச்சாங்க. 'சாயம் ஏற்றிய தேயிலைத் தூள் விற்பனையைத் தடுக்க அரசு எடுத்துள்ள நடவடிக்கை...' அப்பா எழுதுனது அப்படியே."

நஞ்சப்பன் மெதுவாக நிமிர்ந்து உட்கார்ந்தார். ராஜசேகர் மகனைப் பார்த்தார். இதே வார்த்தையை மகன் அன்று சாயங்காலமே சொன்னான். படிக்கவே இல்லையேடா என்று அப்போதே மனசுக்குள் ஒரு முள் குத்தியது. குத்தியதைப் பிடுங்கிப் பார்க்க அவருக்குத்தான் மனம் வரவில்லை. மகன் வாயால் வந்த பாராட்டு அவ்வளவு இனித்தது.

கையூம் குரலை உயர்த்தாமல் பேசினார். "சபை நடக்கிறதைப் பாத்தவங்க யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க தம்பி. கேள்வியைப் படிப்பாங்கன்னு நெனைக்கிறது, பாக்காதவங்க பண்ற தப்பு. ஊரே கூடத்துல இருந்தப்போ நீங்க மட்டும் அதைப் பாக்கவும் இல்லை, அந்தக் கூச்சலைக் கேக்கவும் இல்லை. அப்புறம் இந்தத் தைல வாசம். கையில பூசுன தைலம்னா டப்பாவைத் தொட்ட எடத்துல, மேலாக அடிக்கும். இது அடி வரைக்கும் ஒரே மாதிரி ஏறியிருக்கு. பக்கத்துல எது இருந்தாலும் அந்த வாசத்தை இழுத்துக்கிறது தேயிலையோட குணம், இந்த ரூம்ல இருக்கிற எல்லாருக்கும் அது தெரியும். இந்தத் தூள் தைலம் ஊறுன எடத்துல நாள்கணக்கா கெடந்திருக்கு. அப்படி ஒரு எடத்துல யாரு தேயிலை வெச்சிருக்காங்கன்னு நான் சொல்ல மாட்டேன்."

அவர் நிறுத்திவிட்டார். மிச்சத்தைச் சொல்ல வேண்டியவர் யார் என்று அறையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"ஆணியில மாட்டுன சாவி," என்றார் ராஜசேகர். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "ஏன்டா?"

கமலேஷின் தெம்பெல்லாம் வடிந்துபோயிற்று. "அன்னிக்குக் காலையில நீங்க பாக்கெட்டை எடுத்துட்டுக் கெளம்புறப்போ பாத்தேன்பா. பச்சைக் கோடு. நம்ம பாக்கெட்டு. நான் போட்டது." கையால் முகத்தைத் துடைத்தான். "கீழ இருந்து வர்ற தூளை வாங்கித்தான் போடுறேன். கலர்னு தெரியும். எல்லாரும் பண்றாங்கன்னு பண்ணிட்டேன். அதைச் சோதிச்சா எங்க போய் முடியும்? பார்லிமெண்ட்ல கேள்வி கேக்கவெச்சவரோட மவனேதான் கலப்படக்காரன்னு வரும். உங்க மானம் போயிருமேன்னுதான்பா, எல்லாரும் டிவி பாக்குறப்போ அந்தச் சாவியோட பின்பக்கமா வந்து நல்ல தூளை மாத்தி வெச்சேன்."

"எம்மானம்," என்றார் ராஜசேகர். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. ஊரில் உள்ள கலப்படத்தையெல்லாம் டெல்லி வரை கொண்டுபோனவருக்குத் தன் வீட்டுப் பாக்கெட்டின் ஓரம் தெரியவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அவருக்கு மடியில் இருந்ததே தெரியவில்லை.

"விசயம் இந்த ரூமோட இருக்கட்டும்," என்று நஞ்சப்பன் இழுத்தார். "பையன் வாழ்க்கை..."

ராஜசேகர் போனை எடுத்தார். எதிர்முனையில் எம்.பி. அம்மாவின் குரல் கேட்டதும் எழுந்து நின்றுகொண்டார்.

"அம்மா, நாளைக்கு நீங்க வருத்தம் தெரிவிக்க வேண்டாங்க. நீங்க சபையில சொன்னது நெசம். சாயத் தேயிலை இருக்குதுங்க. மூட்டை மூட்டையா இருக்குது. எங்க ஊட்டுக் கொட்டாயிலதான் இருக்குது. அதிகாரிங்களை அனுப்புங்க, நானே தொறந்து விடுறேன்."

கமலேஷ் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் தோளில் கை வைக்க வேண்டும் என்று ராஜசேகருக்குத் தோன்றியது. வைக்கவில்லை. அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. தேவியின் பக்கம் திரும்பினார். நிமிர்ந்து பார்க்க அப்போதும் முடியவில்லை.

"தேவி... நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்மா. மன்னிச்சிரு."

தேவி கையூமைப் பார்த்தாள். "ஏனுங்க பாய், உங்க சபையில தப்பாப் பேசுனா என்ன பண்ணுவாங்க?"

"குறிப்புல இருந்து நீக்கிருவாங்கம்மா. அச்சுல வராது."

"கேட்டவங்க காதுல இருந்து?"

"அதை நீக்க வழி இல்லை," என்றார் கையூம். "நானே கேட்டிருக்கேன். இன்னும் காதுல இருக்கு."

தேவி முதன்முறையாக ராஜசேகரை நேராகப் பார்த்தாள். "என்னைக் கேட்டது நாலு செவுத்துக்குள்ள இல்லைங்க. எம்மவன் வாத்தியாரு இருந்தாரு. காய்கறிக்காரம்மா இருந்துச்சு. அன்னைக்கு இருந்தவங்க அத்தனை பேரையும் கூப்பிடுங்க. அவங்க முன்னால சொல்லுங்க. கேட்டுட்டு அப்புறம் யோசிக்கிறேன்."

கூட்டத்துக்குச் சொல்லிவிட நான் ஆள் அனுப்புகிறேன் என்று நஞ்சப்பன் எழுந்தார். ராஜசேகர் வேண்டாம் என்று கையமர்த்தினார். குல்லாயைக் கழற்றி மேசைமேல், அந்த டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். வெறுந்தலையோடு வெளியே இறங்கி, கடைவீதியின் முதல் கடையிலிருந்து ஒவ்வொரு வாசலாக நின்று, அவரே கூப்பிடத் தொடங்கினார்.