வாங்கிய சிரிப்பு

போனில் அந்த ஒரு படத்தின் முகப்பு மட்டும் சாம்பல் நிறமாகியிருந்தது. கோகிலவாணி முந்தானையால் திரையைத் துடைத்துப் பார்த்தாள். சாம்பல் போகவில்லை. தொட்டால் திறக்கவும் இல்லை.

அவள் கணவன் சுடலைக்கண்ணன் தாராவியில் தோல் பட்டறை வேலைக்காரன். ஒருநாள் கூலிக்காகக் கூட்டத்தோடு நிற்கப் போன இந்திப் படம் அது. மாடிப்படியின் உச்சியிலிருந்து எடுத்த காட்சி. கீழிருந்து ஜனம் நெரிசலாக ஏறிவரும், அதில் ஒருவனாக அவன் முகத்தை நிமிர்த்திச் சிரிப்பான். அவ்வளவுதான். மஞ்சள் காமாலை அவனைக் கொண்டுபோன பிறகு, அவன் அசைந்துகொண்டிருந்த ஒரே இடம் அந்தப் படி. வாடகைக்கு வேண்டாம், சொந்தமாகவே இருக்கட்டும் என்று அந்தப் படத்தை வாங்கி வைத்திருந்தாள்.

உதவி எண்ணில் ஒரு பையன் தமிழில் பேசினான்.

"உரிமம் முடிஞ்சிடுச்சு மேடம். படத்தை எடுத்துட்டாங்க."

"நான் சொந்தமால்லா வாங்கினேன் தம்பி."

"நீங்க வாங்கினது படத்தை இல்ல மேடம். அதைப் பாக்குற அனுமதிய."

"அப்போ அதுக்குள்ள இருக்கவுக எங்க போவாக?"

இணைப்பு அறுந்தது.

சாயங்காலமே இருட்டிக்கொண்டு வந்தது. கூரைமேல் விரித்த நீலத் தார்ப்பாயில் மழை விடாமல் கொட்ட, கீழே பேராச்சி மைனியின் போண்டாக் கடையிலிருந்து காய்ந்த எண்ணெய் வாடை பலகை இடுக்கு வழியாக ஏறிவர, சந்துக்கு அப்பால் ஏதோ பட்டறை மிஷின் ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டிருந்தது. மாடி அறைக்கு இருந்தது ஒரே வழி. தரையில் சதுரமாக வெட்டி மூடி போட்ட திறப்பும், அதிலிருந்து சந்துக்கு இறங்கும் இரும்பு ஏணியும். ஜன்னலுக்குக் கம்பி போட்டிருந்தது.

போன் சிணுங்கியது. படத்துக்கு நிறம் திரும்பியிருந்தது.

அவசரமாக அந்த இடத்துக்கு ஓட்டினாள். அதே படி, அதே ஜனம். அவன் நிற்க வேண்டிய இடத்தில் ஓர் ஆள் அகலத்துக்கு வெற்றிடம். ஏறுகிறவர்கள் அதை இடிக்காமல் ஒதுங்கி ஒதுங்கி ஏறினார்கள். யாரும் நிமிரவில்லை. யாரும் சிரிக்கவில்லை.

ஓட்டிப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். வெற்றிடம் அங்கேயே இருந்தது.

கீழே இரும்பு ஏணி கிறீச்சிட்டது.

"மைனியா?"

ஏணியின் இன்னொரு கம்பி முனகியது. சந்திலிருந்து பேராச்சியின் குரல் வந்தது.

"ஏ கோகிலா, ஒன் ஏணியில ஏறுதது யாருட்டி? கூப்பிட்டா நிக்க மாட்டேங்கு. அந்த முதுகு..."

வாக்கியம் முடியவில்லை. கடை ஷட்டர் தடதடவென்று இறங்கும் சத்தம்தான் கேட்டது.

கோகிலவாணியின் கை தானாகத் தலைமுடியை ஒதுக்கியது. அவன்தானா? பயத்துக்குள்ளே அப்படியொரு ஆசை. ஆனால் அவன் ஏறினால் தோல் பசை வாடை முதலில் வந்து நிற்கும், ஆள் பிறகுதான் வருவான். இப்போது எந்த வாடையும் இல்லை. எண்ணெய் வாடைகூட நின்றுபோயிருந்தது.

திறப்பை எட்டிப் பார்த்தாள்.

அவன் முகம் நிமிர்ந்தது. சிரித்தது. சத்தம் இல்லை.

முகம் தாழ்ந்தது. நிமிர்ந்தது. அதே சிரிப்பு. அதே பல். கண் ஓரத்தில் அதே சுருக்கம். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு தடவை.

"என்னங்க," என்றாள். "ஏதாவது பேசுங்க."

படத்தில் அவனுக்குப் பேச்சு கிடையாது.

தோள் வந்தது. இடுப்பு வந்தது. அவள் நகர்ந்தாள். ஜன்னல் கம்பி முதுகில் குத்தியது. அதற்குமேல் நகர இடமில்லை.

மேலே ஏறி நின்று, குனிந்து, திறப்பின் மூடியைச் சாத்த அது திரும்பியது.

முதுகு இல்லை. பிடரி இல்லை. காமரா பார்க்காத பக்கம் எதுவுமே இல்லை. சட்டைக் காலருக்குள் முகத்தின் உட்புறம் மட்டும், கழற்றி வைத்த முகமூடிபோல் குழிந்து, இரண்டு கண் துளைகளின் வழியே எதிர்ச்சுவர் தெரிய.

மூடி விழுந்தது.

அது அவள் பக்கம் திரும்பியது. நிமிர்ந்தது. சிரித்தது.