கோணல்மானி

சோறு அடிப்பிடித்தால், ‘அடுப்பு இருபது, சமைத்தவர் எண்பது’ என்று அடுப்பே வாய் திறந்து சொல்லிவிடும் காலம் அது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழியை வைத்துத்தான் அப்படிச் சொல்லவைக்கும் கருவிக்குக் கோணல்மானி என்று பெயரிட்டார்கள். பிழையில் பொருளின் பங்கு எவ்வளவு, ஆளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது அதன் வேலை. கணினி வைத்த எதுவும் அது இல்லாமல் விற்பனைக்கு வரக்கூடாது என்று சட்டமே இருந்தது.

கோவை கணபதியில், ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் கோகுலன் வீட்டில் வாயில்லாத பொருள் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். கார் ஷெட்டில் நின்ற, இரும்பைக் கடைந்து பொருள் செய்யும் சின்ன லேத். கையால் சுற்றுவது. பொழுதுபோக்குக்காக வாங்கியதை மச்சான் தரணி வந்து செட் பண்ணிக் கொடுத்திருந்தார்.

ஆறு வருடம் முன்பு, மனைவி சிந்துஜாவின் நாற்காலிச் சக்கரத்தைக் கழலாமல் பிடிக்கும் இரும்பு ‘பின்’ ஒன்றை அதில் கடைந்தார் கோகுலன். பின் கழன்று அவள் விழுந்தாள், மணிக்கட்டு முறிந்தது. “மிஷின்ல ப்ளே இருக்குது. உங்கண்ணன் செட் பண்ணுன லட்சணம்,” என்றார். ப்ளே என்றால் திருகாணியின் ஆட்டம். அந்த ஊரில் கெட்டுப்போன வேலைக்கெல்லாம் அதுதான் சாக்கு. சிந்துஜா நம்பினாள், அன்றோடு அண்ணனிடம் பேச்சை விட்டாள்.

இப்போது கை நடுங்க ஆரம்பித்ததால், சுற்றுபிடிகளைக் கழற்றிவிட்டு மோட்டார்களைப் பூட்டினார். அவற்றை ஓட்டக் கணினிப் பலகை வந்தது, கோணல்மானியோடு. இனிமேல் செய்யும் வேலையைத்தானே அளக்கும் என்ற தைரியத்தில் ஸ்விட்சைப் போட்டார்.

“இயந்திரத்தின் பழைய குணம் தெரிய வேண்டும். இதில் கையால் கடைந்த பொருள் ஒன்றை வையுங்கள்,” என்றது மானி.

“அப்படி எதுவும் இல்லயே.”

“ஏனுங்க, இருக்குதுங்களே!” சிந்துஜா நாற்காலியை உருட்டிக்கொண்டு ஷெட் வாசலுக்கு வந்திருந்தாள். மடியிலிருந்த ஊசி டப்பாவைத் திறந்து அந்தப் பின்னை எடுத்தாள். “அண்ணன்மேல கோவம் ஆறும்போதெல்லாம் இத எடுத்துப் பாத்துக்குவனுங்க.”

மறுக்க வழியில்லாமல் வாங்கி வைத்தார். பின்னில் கடைசல் உளி போன வரிகளை மானி படித்தது.

“இயந்திரம் நான்கு. கை தொண்ணூற்றாறு.”

“இந்தப் பலகையில ஏதோ கோளாறு...” என்று வாய் முந்திக்கொண்டது. தான் சொன்னது தன் காதிலேயே விழ, கூசிப்போனார். அன்றைக்குக் கை குறியைத் தாண்டிக் கடைந்து பின் மெலிந்துபோனது அவருக்குத் தெரியும். வேறு கம்பி எடுத்துக் கடையச் சோம்பல்பட்டு, போதும் என்று மாட்டிவிட்டார்.

சிந்துஜா திட்டவில்லை. மானியிடம் கேட்டாள்: “எங்கண்ணங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம ஆறு வருசம் பேசாம இருந்தனே. அதுல எனக்கு எவ்வளவு?”

“அளக்கப் பொருள் ஒன்றை வையுங்கள்,” என்றது மானி.

வைக்க அவளிடம் எதுவும் இல்லை. கோகுலன் தலைநிமிராமல் தரணியைப் போனில் அழைத்தார்.

“மச்சான், அந்த மிஷின் மேல தப்பில்லீங்க. என் கைதானுங்க. நாலுதான் மிஷின்னு மானி சொல்லுது.”



“அந்த நாலு என்னுதுங்க மாப்ள,” என்றார் தரணி. “ஒரு நட்ட சரியா இறுக்காம வந்துட்டேன். தங்கச்சி கைய நெனச்சு ஆறு வருசமா ஒரு ராத்திரியும் சரியாத் தூங்கலீங்க.”

தொண்ணூற்றாறுக்குச் சொந்தக்காரர் போனைச் சிந்துஜாவின் கையில் கொடுத்தார். இந்த ஆறு வருடமும் அவர் நன்றாகத்தான் தூங்கியிருந்தார்.