வரேன் என்று சொன்னவர்கள்

“வரேன் மச்சி” என்று சொல்லிவிட்டு ஆகாஷ் படியிறங்கிப் போனான். அவன் செருப்புச் சத்தம் தெருவில் கரைந்து மழைச் சத்தம் மட்டும் மிச்சமானபோது, மேசைப் பக்கமிருந்து அதே குரல் இன்னொரு முறை சொன்னது.

“வரேன்.”

உஸைர் தலையைத் தூக்கினான். ஆகாஷின் நாற்காலி காலியாக இருந்தது. அவன் மறந்துவிட்டுப் போன குடை நாற்காலியின் முதுகில் தொங்கியது. ஸ்பீக்கரில் சின்ன நீல விளக்கு எரிந்தது. சோதனைக்கு ஏதாவது ஓடுகிறதா என்று கணினியில் பார்த்தான்; அவன் எதையும் ஓட விடவில்லை. அவர்கள் உருவாக்கும் ஏஐ ஏஜென்ட் பேசுவதற்காக ஆகாஷிடம் பதிவு செய்த குரல்தான் அது. அந்தக் குரலைக் கேட்டாலே உஸைருக்கு வயிறு எரியும்.

உப்பளம் என்கிற பேட்டையில், பழைய துறைமுகத்துக்குப் போகிற சாலையில், ஒரு மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். முதலாளி அன்பழகனோடு சேர்த்து மூன்றே பேர். சொன்ன வேலையைத் தானாகச் செய்யும் ஏஐ ஏஜென்டுகளை, வாடிக்கையாளருக்கென்றே அமைத்த ரன்டைம் என்கிற மென்பொருள் தளத்தில் ஓட வைக்கும் ப்ளக்இன் ஒன்றை அவர்கள் கட்டினார்கள். கட்டினார்கள் என்பது பேச்சுக்கு, கட்டியது உஸைர். ஒவ்வொரு ஏஜென்டும் ஓடுவதற்குக் கணினிக்குள் தனித்தனி இடம். ஆபீசில் அதற்கு ‘அறை’ என்று பெயர். வேலை முடிந்ததும் ஏஜென்ட் ‘போறேன்’ என்று சொல்லும். அந்தச் சொல் காதில் விழுந்ததும் ரன்டைம், சொன்னதன் அறையை மூடி, உள்ளே இருந்ததை அழித்துவிடும். சொன்னது ஏஜென்டா ஆளா என்றெல்லாம் அது கேட்காது.

ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு டோக்கன் போடும் ஏஜென்டைச் சோதித்துப் பார்த்த நாளில்தான் வினை வந்தது. போனின் மறுமுனையில் இருந்த அம்மாள், “யார்ரா அவன், போறேங்கறான்? நல்ல வார்த்தையா வரேன்னு சொல்லுடா!” என்று கத்தினாள். எக்ஸிட் என்றால் போறேன் என்று உஸைர் பாட்டுக்கு எழுதிவிட்டிருந்தான். எந்த வீட்டில் யார் போறேன் என்று சொல்லிக் கிளம்புகிறார்கள்? அவன் உம்மாவே விடமாட்டாள். ஆகாஷ் சிரித்துக்கொண்டே அந்த ஒரு சொல்லை மாற்றினான், தன் குரலையும் கொடுத்தான். அன்பழகன் உருகிப்போனார். “இதான்யா மனுஷத்தனம்” என்று ஆகாஷின் முதுகில் தட்டினார். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்காரர்கள் முன்னால் அவன்தான் பேசுவான், அதன் பிறகு டீம் லீடும் அவன்தான் என்று பேச்சாகிவிட்டது.

மாதக்கணக்கில் உட்கார்ந்து கட்டியவனுக்கு ஒன்றுமில்லை, ஒரே ஒரு சொல்லை மாற்றியவனுக்கு மாலை. அதற்குப் பொறாமை என்று பெயர் வைக்க உஸைர் கூச்சப்படவில்லை. பொறாமைதான். சோற்றில் கை வைத்தால் அது, தொழுகையில் குனிந்தால் அது. ஆனால் அவனிடம் ஒரு ஆறுதல் இருந்தது. ஆகாஷ் மாற்றியது ஏஜென்ட் பேசுகிற சொல்லை மட்டும்தான்; ரன்டைம் இன்னும் ‘போறேன்’ என்ற பழைய சொல்லுக்கே காத்திருந்தது. ‘வரேன்’ என்று சொன்ன எந்த ஏஜென்டின் அறையும் மூடவில்லை. எல்லாம் திறந்தபடி குவிந்துகொண்டிருந்தன. திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் ப்ளக்இன் மூச்சுத் திணறி நிற்கும், ஆகாஷ் பேந்தப் பேந்த விழிப்பான். இது உஸைருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அவன் வாயைத் திறக்கவில்லை.

எரிச்சலோடு ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கினான். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. பொழுது இன்னும் முழுசாகச் சாயவில்லை என்றாலும் ஐப்பசி மழையில் ஜன்னல் கறுத்துக் கிடந்தது. ஃபேன் வேகம் குறைந்து முனகி முனகி நிற்க, யுபிஎஸ் விட்டு விட்டுக் கூவ, தகரக் கூரையில் மழை இரைய, ஊறிப்போன மரத்தின் வாடைக்கும் சுவரில் பூத்திருந்த உப்பின் வாடைக்கும் நடுவே, ஆகாஷ் தலைக்குப் போடும் எண்ணெயின் வாசனை மட்டும் குறையாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே வந்தது.

“வரேன்.”

வயர் அவன் கையில் இருந்தது. குரல் மாடிப்படியில் இருந்து வந்தது.

அந்த ஆபீஸ் கதவு கடல் காற்றில் உப்பிப்போயிருந்தது. தோளால் இடித்தால்தான் சாத்த முடியும், எப்போதும் பாதி திறந்தே கிடக்கும். அந்தப் பாதியில் இருட்டு தெரிந்தது. உஸைர் போனை எடுத்து ஆகாஷைக் கூப்பிட்டான்.

“சொல்லு மச்சி.”

“எங்கடா இருக்க? படியிலயா?”

“படியிலயா? ஸ்டேடியம் கிட்ட டீக்கடையில ஒதுங்கியிருக்கேன். குடைய அங்கயே உட்டுட்டேன்.” பின்னால் டீ ஆற்றுகிற சத்தமும் பஸ்ஸின் ஹாரனும் கேட்டன. “உஸைர், ஒண்ணு சொல்லணும்னே இருந்தேன். சார்கிட்ட பேசிட்டேன். எல்லாம் நீ கட்டுனது, லீடு உனக்குத்தான் வரணும்னு சொன்னேன். அவரும் சரின்ட்டாரு.”

உஸைருக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கொடுக்கிற இடத்திலும் இவன்தானா, வாங்கிக்கொள்கிற இடம்தான் எனக்கா என்று அடிவயிறு இன்னும் ஒரு சுற்று எரிந்தது. இப்போதாவது சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது.

“மச்சி, அந்த வார்த்தை...”

“எந்த வார்த்தை?”

“ஒண்ணுமில்ல.”

“சரி, குடைய எடுக்க வரேன்.”

போன் நின்றது.

“வரேன்” என்றது படி. “வரேன்” என்றது அதற்குக் கீழ்ப்படி. கீழே, இன்னும் கீழே, தெருவாசல் வரை, ஒன்றன் பின் ஒன்றாக, ஆகாஷின் அதே இதமான குரலில். வரேன். வரேன். வரேன்.

பிறகு காலடிகள்.

மழையில் நனைந்த கால்கள் சளசளக்கும். இவை சளசளக்கவில்லை. காய்ந்த கால்கள். நிறைய. அவசரமே இல்லாத கால்கள்.

உஸைர் கணினியைப் பார்த்தான். திறந்த அறைகள் திரை கொள்ளாமல் ஓடின. எல்லாவற்றையும் ஒரேயடியாக மூட வேண்டும். விசைகளைத் தட்டினான். திரை அசையவில்லை. மைக்கின் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. கேட்டுக்கொண்டிருந்தது.

எண்ணெய் வாசனை கதவருகே வந்துவிட்டது.

மைக்கை வாயருகே இழுத்தான்.

“போறேன்” என்றான்.

அமைதி.

காலடி இல்லை. குரல் இல்லை. யா அல்லா என்று மூச்சு விட்டான். மூச்சின் சத்தம் கேட்கவில்லை. யுபிஎஸ் கூவல் கேட்கவில்லை. மழை ஜன்னலில் வழிந்துகொண்டிருந்தது, அதுவும் கேட்கவில்லை.

திரையில் ஒரே ஒரு அறை மூடியிருந்தது. அதன் மேல் ‘உஸைர்’ என்று இருந்தது.

கதவைக் காலால் தள்ளிக்கொண்டு ஆகாஷ் வந்தான். நிஜ ஆகாஷ். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவன் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

“இன்னும் கெளம்பலயா மச்சி?”

அவன் கேட்டது உஸைரின் நாற்காலியைப் பார்த்து. உஸைர் சுவரோரம் நின்றிருந்தான். எப்போது எழுந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. நாற்காலியில் அவனுடைய கட்டம் போட்ட சட்டை. அவனுடைய முதுகு. அவனுடைய பிடரி மயிர்.

“இதோ” என்றது அது.

“தொண்டை கட்டிக்கிச்சா? கொரலே மாறிப்போச்சு” என்று ஆகாஷ் சிரித்தான். குடையை எடுத்தான். “வா, சேர்ந்தே போலாம்.”

ஆகாஷ், அது நான் இல்லை. இங்கே பார். கீழே போகாதே. உஸைர் முழுப் பலத்தோடு கத்தினான். வாயிலிருந்து வந்தது ஒரே சொல்.

“போறேன்.”

யாரும் திரும்பவில்லை.

ஆகாஷ் முன்னால் இறங்கினான். கதவுக்கு வெளியே, படிக்கு ஒருவராக, அவன் முகத்தோடு நின்றிருந்தார்கள். நனையாத தலைகள். சுவரோடு ஒட்டி, அவனுக்கு வழிவிட்டார்கள். அவன் தாண்டிய பிறகு ஒவ்வொருவராக அவன் பின்னால் இறங்கினார்கள்.

கட்டம் போட்ட சட்டை வாசலில் நின்றது. திரும்பியது. உஸைரின் முகத்தால் உஸைரைப் பார்த்தது.

“வரேன்” என்றது, மரியாதையாக.

கதவை ஒரு விரலால் இழுத்தது. தோளால் இடிக்காமல் சாத்த முடியாத அந்தக் கதவு, சத்தமில்லாமல் நிலையில் போய்ப் பொருந்தியது.