பளபளத்த இரண்டாம் படி

தினமும் காலையில் பல் துலக்கியதும் சட்டைக் காலரில் செவிவில்லையைக் குத்திக்கொள்வேன். வேலை நேரத்தில் நான் பேசுவதெல்லாம் அதன் வழியே அறிக்கையாகப் போய்விடும். தனியாக எழுத வேண்டாம். எந்திரங்களைச் சோதிக்கும் எங்கள் முத்திரைத் துறையில் இதைவிடப் பெரிய வசதி கிடையாது என்று பீற்றிக்கொண்டிருந்தவள் நான்.

அன்று கணபதிப் பகுதியில் ஒரு வீட்டில் இருந்த பழைய லேத்தைச் சோதிக்கப் போனேன். எந்த உதிரிபாகத்தையும் இப்போது அச்சடித்துத் தரும் அச்சுலையில்தான் செய்ய அனுமதி. உரிமம் காலாவதியான பாகத்தை அச்சுலை செய்யாது. லேத்து யாரையும் கேட்காமல் கடையும். அதனால் ஓடக்கூடியதை வெட்டிப்போடுவோம். ஓடாததைக் காட்சிப்பொருளாக விட்டுவிடுவோம்.

"மோட்டாரே இல்லீங்க அம்மணி. சும்மா அழகுக்கு வெச்சிருக்கறனுங்க," என்றார் வீட்டுக்காரர் திருமூர்த்தி. உள்ளறையில் யாருக்கோ மூச்சுப்பொறி ஓடிக்கொண்டிருந்தது.

மோட்டாரும் இல்லை, பெல்ட்டும் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். எனக்குத்தான் மண்டை குடைந்தது. லேத்தில் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியில் நான்கு படிகள். மூன்றில் துரு, இரண்டாவது மட்டும் பளபளத்தது. அதற்கு நேர்மேலே உத்தரத்தில் கிரீஸ் ஒட்டிய துளைகள். அவர் துணி காயப்போட்டிருந்த இரும்புத் தண்டின் ஓரத்தில், புல்லியைப் பூட்டும் வெட்டு. மூலையில் கல் இல்லாத மாவு கிரைண்டர்.

"கண்டுபிடிச்சுட்டேன்," என்றேன். "கிரைண்டர் மோட்டார்ல இருந்து இந்தத் தண்டுக்கு ஒரு பெல்ட்டு. தண்ட மேல மாட்டி, அங்கிருந்து ரெண்டாம் படிக்கு இன்னொண்ணு. வேகம் ரெண்டு தடவ கொறையும். சரிதானுங்களே?"

பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவள் மாதிரி நின்றேன். அவர் என் காலரைப் பார்த்தார். வில்லையில் பச்சை விளக்கு எரிந்து அணைந்தது. அறிக்கை போய்விட்டது.

"சரிதானுங்க," என்றார்.

"அப்படி என்னத்தக் கடையறீங்க?"

"வீட்டுக்காரம்மா மூச்சுப்பொறிக்கு வால்வு வளையமுங்க. அதச் செஞ்ச கம்பெனி மூடி எட்டு வருசமாச்சு. நாப்பது நாளைக்கு ஒண்ணு தேஞ்சுபோயிருமுங்க. இன்னைக்குத்தான் புதுசு மாட்டுனேன். கடைசி ஒண்ணு அதுதானுங்க."

அறிக்கையை மாற்றச் சொல்லி மேலிடத்தில் கெஞ்சினேன். நடக்கவில்லை. புதுப் பொறிக்கு ஏழு மாதம் காத்திருக்க வேண்டுமாம். மறுநாள் லேத்தை நான்கு துண்டாக வெட்டினார்கள். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். டீ குடிக்கிறீர்களா என்று கேட்டார். அந்த வாரமே துறையிலிருந்து எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதைப் பார்க்கவே கூசுகிறது.

இன்று முப்பத்தெட்டாம் நாள். என் வீட்டுக் கிரைண்டர் மோட்டாரைக் கழற்றி வைத்திருக்கிறேன். தண்டு, புல்லி, பெல்ட் எல்லாம் சேர்த்துவிட்டேன். மாட்டுவதற்குத்தான் ஊரில் ஒரு லேத்தும் இல்லை. மற்ற ஆறையும் போன வருடம் கண்டுபிடித்து வெட்டக் கொடுத்தது நான்தான்.