வேண்டாம் என்று சொன்ன நெட்வொர்க்

மெத்தைக்கு அடியில் விரித்திருந்த சென்சார், நிமிடத்துக்கு அறுபத்திரண்டு மூச்சு என்று காட்டியது. அம்மா ஓடிப்போய்த் தொட்டில் மேல் குனிந்து, கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினாள். முப்பத்தொன்று. ஏழு மாதக் குட்டி வாயைப் பிளந்துகொண்டு சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பிறந்த மாதமே ஒருமுறை மூச்சை நிறுத்தி வீட்டையே பதறவைத்தவள் ஆயிற்றே! அதற்காகத்தான் அம்மா தன் கையாலேயே, மூச்சை எண்ணிக் காட்டும் இந்தப் பெட்டியைச் செய்தாள். உள்ளே ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளம். அதன் கருவான கெர்னலைப் புதிதாகக் கட்டும்போதெல்லாம் அது வேண்டுமா, இது வேண்டுமா என்று கேள்வி கேட்டே கொல்லும். வெளியுலகத்தோடு இணைக்கும் நெட்வொர்க் வேண்டுமா என்று கேட்டால் மட்டும் யோசிக்காமல் வேண்டாம் என்றுவிடுவாள். கண்டவனும் எட்டிப் பார்க்க என் பிள்ளை என்ன கடைத்தெரு பொம்மையா? அதனால், கணவன் ஆசையாகத் தொட்டிலுக்கு மேலே பொருத்திய கேமரா சும்மாவே கிடந்தது.

வெளியூரில் வேலையில் இருந்த அவனைக் கூப்பிட்டாள். "மூணு நாளா ரெண்டு மடங்கா காட்டுதுங்க. பயமா இருக்கு."

"கேமராவுல பார்த்தாதான் எனக்கு ஏதாவது புரியும். ஒரே ஒரு தடவை நெட்வொர்க்கைப் போடும்மா."

விரல் தயங்கியது. வாசற்கதவைத் தாழ் போடாமல் தூங்கப்போவது போல இருந்தது. ஆனால் அந்த அறுபத்திரண்டு? வேண்டும் என்று அழுத்தினாள்.

ஹாலில் மடிக்கணினியின் விசிறி இரைய, சூடேறிய பிளாஸ்டிக் வாடையும் குழந்தைப் பவுடர் வாசமும் கலந்து மூக்கில் ஏற, மதிய வெயில் சுவரில் மெல்ல மெல்ல மேலேறிக்கொண்டிருக்க, கெர்னல் கட்டி முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. புதியதைப் பெட்டியில் ஏற்றிவிட்டு ஹாலுக்கு வந்தாள். அறைக்குள் குட்டி சிணுங்கினாள். இவள் எழுவதற்குள் அடங்கிவிட்டாள். சமர்த்து.

போன் அடித்தது.

"படம் வந்துடுச்சு. அட, நீ தொட்டில்ல சாஞ்சு தட்டிக்கொடுத்தா சென்சார் எப்படிம்மா சரியா காட்டும்? உன் மூச்சையும் சேர்த்துல்ல எண்ணுது!"

அவள் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க... நான் ஹால்ல இருக்கேன்."

"விளையாடாத. முதுகு தெரியுது. முடியை விரிச்சுப் போட்டிருக்க."

அவள் தலையைத் தொட்டாள். இறுக்கிப் போட்ட கொண்டை.

"இப்ப எழுந்துட்ட. குட்டியைத் தூக்கிட்ட. ஏய்... நீ போன்ல பேசிட்டிருக்க. அங்க உன் கையில போனே இல்லையே."

ஓடினாள். கதவு. கைப்பிடி. திரும்பவில்லை. உள்ளே தாழ் விழும் சத்தம்.

"குட்டீ!"

"பயப்படாதடா கண்ணு," என்றது உள்ளிருந்து அவளுடைய குரல். "அம்மா இங்கதான் இருக்கேன்."

குட்டி கலகலவென்று சிரித்தாள்.