டேக்-ஆஃபுக்குப் பிறகு ஒரு சொல்

விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து விமானிகளுக்கு மைக்கில் உத்தரவு கொடுக்கும் ஊழியர் ஒருவர், தன் உரிம அட்டையைத் துப்பறிவாளரின் மேசைமேல் வைத்தார்.

"நாளைக்கு இதைப் பிடுங்கிடுவாங்க சார். காத்திருக்க வேண்டிய விமானத்தை நான் கிளப்பிவிட்டுட்டேனாம். அப்போ இன்னொண்ணு இறங்கிட்டு இருந்துச்சு. ரெண்டும் மோதாம ரெண்டு மாடி உயர இடைவெளியில தப்பிச்சது. ஆனா அந்த நேரம் நான் சீட்லயே இல்ல. 'முகம் கழுவிட்டு வா, நான் பாத்துக்கறேன்'னு அனுப்பினதே எங்க தலைமை அதிகாரிதான். இப்போ நான் எழுந்திருக்கவே இல்லைங்கறார்."

துப்பறிவாளரின் மைத்துனருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "மைக்கில பேசினதெல்லாம் பதிவாகியிருக்குமே அத்தான்?"

இருந்தது. ஆனால் அந்த நொடியில் கோபுரமும் இன்னொரு விமானியும் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேசியதால் காதைப் பிளக்கும் இரைச்சல். கிளம்பிய விமானத்தின் விமானி காதில் விழுந்தது 'டேக்-ஆஃப்' மட்டும்தான். துப்பறிவாளர் பத்துமுறை கேட்டபிறகு, அதை அடுத்து முனகலாக 'வெயிட்' என்பதும் பிடிபட்டது. குரல் யாருடையது என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் அதிகாரியின் அறையில் எல்லோரும் கூடினார்கள். ஊழியர் அட்டையை மேசையில் வைத்ததும், அதிகாரி தன் காபிக் கோப்பையை அதன்மேலேயே வைத்தார்.

"உங்க அனுபவத்துக்கு, நீங்களா இருந்தா அந்த விமானத்தை எப்படிக் காத்திருக்கச் சொல்லியிருப்பீங்க?" என்றார் துப்பறிவாளர்.

"டேக்-ஆஃபுக்கு வெயிட் பண்ணுன்னு சொல்லியிருப்பேன். இதுல என்ன பெரிய வித்தை?"

ஊழியர் அவரையே வெறித்துப் பார்த்தார்.

"மைக்கை விட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு, மறந்துட்டீங்க" என்றார் துப்பறிவாளர். "கிளம்பலாம்னு அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டும்தான் டேக்-ஆஃப்ங்கற சொல்லை வாயில எடுக்கணும். காத்திருக்கச் சொல்லும்போது டிபார்ச்சர், அதாவது புறப்பாடுன்னுதான் சொல்லணும்; இல்லேன்னா பாதி காதுல விழுந்தாலே விமானி கிளம்பிடுவார். இவர் அன்னிக்குப் பதினாலு தடவை காத்திருக்கச் சொன்னார், பதினாலும் டிபார்ச்சர்தான். பதிவுல இருக்கற 'டேக்-ஆஃப், வெயிட்' இவர் வாயில வராது. உங்க வாயில இப்பவும் வருது."

அதிகாரியின் முகம் வெளிறியது. "யாரும் சாகலையே சார்" என்று இழுத்தார்.

சே, என்ன மனிதர்! முந்நூறு உயிரை நூலிழையில் தொங்கவிட்டவருக்குச் சொல்ல வேறொன்றும் அகப்படவில்லை.

"சாகலைங்கறதுக்காக இவர் சோத்துல மண்ணள்ளிப் போடுவீங்களா?" என்றார் துப்பறிவாளர். தனக்கு வைத்திருந்த காபியை அவர் தொடவே இல்லை.

ஊழியர் எழுந்து கோப்பையை நகர்த்தினார். அட்டையில் படிந்திருந்த காபி வட்டத்தைச் சட்டையில் துடைத்து, பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.