மாற்று ஆள் வராத உலை

அன்று பகல் பதினொரு மணிக்கு எங்கள் பாட்டில் ஆலைக்குள் போனவர்கள்: நான், என் தம்பி, இடத்தை விற்றுத்தர வந்த தரகர், கதவைத் திறந்துவிட்ட காவல்காரர். ஐந்தாவது ஆள் முன்பே உள்ளே இருந்தார்.

ஆலை என் அப்பா கட்டியது. ஒற்றை உலையில் தொடங்கி முந்நூறு குடும்பங்களுக்குச் சோறு போட்டது. கண்ணாடிக் குழம்பு கொதிக்கும் உலையை ஒரு நிமிடம்கூடக் கவனிக்காமல் விடக்கூடாது. அதனால் அப்பா ஒரு சட்டம் வைத்திருந்தார். அடுத்த ஷிப்ட்காரர் வந்து தோளைத் தொட்டு, "நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லும்வரை உலைக்காரர் இடத்தைவிட்டு அசையக்கூடாது.

பிளாஸ்டிக் வந்தது, எங்கள் பாட்டில்கள் தேங்கின. ஏழு வருடங்களுக்கு முன் மூடினோம். உலையை அணைத்து எல்லாரையும் வெளியே அனுப்பிய பிறகும் வயதான உலைக்காரர் மட்டும் நகரவில்லை.

"மாத்து ஆளு வரலீங்களே ஐயா."

"இனிமே யாரும் வரமாட்டாங்க. கிளம்புய்யா."

வீம்பு பிடித்தவர். பசித்தால் பின்கதவு வழியாகப் போய்விடுவார் என்று முன்கதவைப் பூட்டச் சொன்னேன். பின்கதவை ஏற்கெனவே பூட்டிவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான்காம் நாள் கதவைத் திறந்து அவர் பிணத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மாரடைப்பு என்று டாக்டர் எழுதித் தந்தார். அதற்குமேல் யாரையும் நான் பேசவிடவில்லை.

இப்போது உள்ளே நடந்தபோது உடைந்த கண்ணாடி செருப்புக்கடியில் நொறுங்கியது. துரு, எலிப் புழுக்கை, பழைய எண்ணெய். இவற்றுக்கிடையே வியர்வை வாடை. அது மட்டும் புதியது.

"என்ன சார், மூடிக் கிடக்கிற ஆலையில இப்படி வேகுது?" தரகர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு வாசலுக்கு மட்டுந்தான் சம்பளம்," என்று காவல்காரர் பின்தங்கிவிட்டார்.

உலைவாய் கறுத்துக் கிடந்தது.

அதன் முன்னால் ஒரு முதுகு.

நனைந்த சட்டை எலும்போடு ஒட்டியிருந்தது.

தம்பி என் காதருகே வந்தான். "அண்ணா, அவரு இன்னும் டூட்டியில நிக்கிறாரு."

"வாயை மூடுடா. தரகர் காதுல விழும்."

"ரெண்டே வார்த்தை. அன்னைக்கே நாம சொல்லியிருக்கணும்ணா."

கையைப் பிடித்தேன். உதறினான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு இளகிய மனசு. எங்கள் குடும்பத்துக்கு ஆகாத மனசு. போய்த் தோளைத் தொட்டான்.

"நான் பாத்துக்கிறேன். நீங்க கிளம்புங்க."

முதுகு திரும்பியது.

முகம் இருக்க வேண்டிய இடத்தில் தெளிந்த கண்ணாடி. அதில் என் முகம்.

"வரேங்க ஐயா," என்று அது என்னைக் கடந்து போயிற்று.

தரகர் எப்போது ஓடினார் என்று நான் பார்க்கவில்லை.

"வாடா, போலாம்."

தம்பி திரும்பவில்லை. அவன் சட்டை நனையத் தொடங்கியிருந்தது.

"மாத்து ஆளு வரட்டும்ணா."

இழுத்தேன். என் உள்ளங்கை வெந்து தோல் உரிந்தது. அவன் தோளைத் தொட்டு அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

கதவை நானே பூட்டினேன். உலை எரிக்க ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லாத ஆலையின் புகைபோக்கியில் இப்போது தினமும் புகை தெரிகிறது.

என் தம்பி எவளோடோ ஓடிப்போய் வேறு ஊரில் குடித்தனம் நடத்துகிறான் என்று ஊருக்குள் பேச்சு. பொய். எங்கள் குடும்பத்தில் யாரும் ஓடிப்போனதில்லை. அவன் வேலையில் இருக்கிறான்.